கேனின் மறு கைப்பிடி

மானாம்பதி,
2 ஆகஸ்டு 2024

கிதர் பாய் அவர்களுக்கு,

இதனுடன் எங்கள் மீன் சங்கத்தின் நோட்டீசு ஒன்றை வைத்திருக்கிறேன். 'திரு. கிதர் முகம்மது, தூண்டில் கடை, உத்திரமேரூர் பஜார்' என்று போட்டிருப்பதைப் பார்த்ததும் நீங்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படிப்பீர்கள். செயலாளராக வந்த மூன்றாம் மாதமே பாயிடம் வம்பு வளர்க்கிறாள் என்று வீட்டில் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

விஷயம் இதுதான். செய்யாற்றிலும், அதிலிருந்து எங்கள் ஏரிக்கு வரும் ஓடையிலும் தூண்டில் இரைக்காகப் பொடிமீன் பிடிக்க இந்த மாதத்திலிருந்து கட்டுப்பாடு. கொசுவலை கூடாது. ஒரு வீட்டுக்கு ஒரு நாளைக்கு ஒரு குடம்தான். ஐப்பசியும் கார்த்திகையும் மீன் ஆற்றிலிருந்து ஏறி வந்து முட்டையிடுகிற காலம். அந்த இரண்டு மாதமும் ஒரு குஞ்சைக்கூடத் தொடக்கூடாது. வாங்கி விற்பவர்களுக்கும் இது பொருந்தும். சம்மதத்தை எழுத்தில் தரவேண்டும்.

போன கார்த்திகையில் ஓடை மதகடியில் இரண்டு பேர் கொசுவலையால் அள்ளிக்கொண்டிருந்தார்கள். உங்கள் கடைக்கு ஆகிற அளவில் இருந்ததைப் பொறுக்கிக்கொண்டு மிச்சத்தைக் கரையில் கொட்டினார்கள். உமியைக் கொட்டியதுபோல் கிடந்தது. குனிந்து பார்த்தால் எல்லாம் கெண்டைக் குஞ்சு, இன்னும் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. "இன்னாப்பா, இத்தத் தண்ணியிலயாச்சும் கொட்டக்கூடாதா" என்றேன். "பஸ்ஸுக்கு நேரமாவுதுக்கா" என்று போய்விட்டார்கள். ஏரியில் பெரிய மீனே இல்லை என்று சங்கத்தில் நாற்பது குடும்பம் அழுகிறது. குஞ்சு இல்லாமல் பெரிய மீன் எங்கிருந்து வரும்?

நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை என்று எனக்குத் தெரியும். அதனால் முதலில் நீங்கள்தான் ஒப்புக்கொள்வீர்கள் என்று நினைத்தேன்.

பரிமளா


உத்திரமேரூர்,
6 ஆகஸ்டு 2024

பரிமளாவுக்கு,

நலம் விசாரித்து எழுதும் நிலையில் நான் இல்லை.

உனக்கு இடுப்பு வலி கண்ட அன்று ஆட்டோ பிடித்து வந்து உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தவள் என் வீட்டுக்காரி குல்சும். அன்று அவள் உன்னிடம் எழுத்தில் விண்ணப்பம் கேட்கவில்லை. என் நம்பர் உன் போனில் இருக்கிறது. பஸ் ஏறினால் அரை மணி நேரம். கடைக்கு வந்து, "பாய், இந்த மாதிரி ஒரு முடிவு பண்ணிக்கினு கீறோம்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் டீ வாங்கிக் கொடுத்துச் சம்மதம் சொல்லியிருப்பேன். நீ நோட்டீசு அனுப்பினாய். சரி. எழுத்தில்தானே கேட்டாய், இனி எல்லாம் எழுத்தில்தான். போன் அடித்தால் எடுக்கமாட்டேன்.

ஆற்று மணலை லாரி லாரியாக அள்ளினவனுக்கு நோட்டீசு இல்லை. குடத்தில் மீன் அள்ளுகிறவனுக்கு நோட்டீசு. ஞாயிற்றுக்கிழமை விரால் பிடிக்க வரும் சென்னைக்காரர்கள் என் கடையில் வண்டியை நிறுத்துவதே உயிர் இரைமீனுக்காகத்தான். தூண்டில் முள்ளும் நரம்பும் அவர்களுக்கு வீட்டுக்கே பார்சலில் வந்துவிடும். மீன் இல்லாத தூண்டில் கடைக்கு எவன் வருவான் என்று உன் சங்கம் யோசித்ததா?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கடை திறந்த நாளிலிருந்து, வெள்ளிக்கிழமை காலையில் விற்காத மீனைக் கேனில் போட்டு உங்கள் ஏரியில் கொண்டுவந்து விடுகிறேன். அது என் புத்தியில் உதித்ததில்லை. "விக்காத உசுர கடையில சாவ வுடாதீங்க, புடிச்ச எடத்துலயே கொண்டுபோய் வுடுங்க" என்று குல்சும் சொன்னது. அவள் மவுத்தாகி மண்ணுக்குப் போய் மூன்று வருஷம் ஆகிறது. ஒரு வெள்ளிக்கிழமைகூடத் தவறியதில்லை. அப்படிப்பட்டவனுக்கு நீ மீனைப் பற்றிப் பாடம் எடுக்கிறாய்.

கையெழுத்துப் போட்டு இணைத்திருக்கிறேன். மீறமாட்டேன். மன்னிக்கவும் மாட்டேன்.

கிதர் முகம்மது


மானாம்பதி,
24 செப்டம்பர் 2024

பாய் அவர்களுக்கு,

பதினோரு தடவை போன் செய்தேன். சொன்னபடியே எடுக்கவில்லை. பிடிவாதத்தில் நீங்கள் எனக்கு அண்ணன் முறைதான்.

நோட்டீசு அனுப்பியது தப்பு. நேரில் வந்திருக்க வேண்டும். வந்தால் உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லாமலே திரும்பிவிடுவேன் என்று பயந்துதான் காகிதத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

போன வாரம் என் கொழுந்தன் வரதனே கொசுவலையோடு மாட்டினான். வலையைப் பிடுங்கிச் சங்கத்தில் வைத்துவிட்டேன். "அண்ணியாம் அண்ணி, போலீசு மாதிரி நிக்கிது" என்று தெருவில் நின்று கத்தினான். நான்கு நாளாக வீட்டில் யாரும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

நீங்கள் மீறவில்லை என்பது தெரியும். பஸ்ஸில் போகும்போது உங்கள் கடைத் தொட்டி காலியாக இருப்பதைப் பார்த்தேன். ஒரு குடம் மீனுக்காக யார் பஸ் ஏறி வந்து விற்பார்கள்? எனக்கு மனசே சரியில்லை. ஆனாலும் விதியை மாற்றமாட்டேன். புரட்டாசி முடிந்து மழை வரப்போகிறது, மீன் ஏறப்போகிறது.

பரிமளா


உத்திரமேரூர்,
14 அக்டோபர் 2024

பரிமளாவுக்கு,

என் தொட்டி காலி என்று நீ வருத்தப்பட வேண்டாம், நிரம்பிவிட்டது. வெளியூர்ப் பண்ணைக்காரர் ஒருவர் போன மாதக் கடைசியிலிருந்து வியாழக்கிழமை தோறும் வேனில் உயிர்மீன் இறக்குகிறார். உங்கள் ஆற்றையும் தொடவில்லை, ஓடையையும் தொடவில்லை. உங்கள் நோட்டீசில் வெளியூர் மீனைப் பற்றி ஒரு வரியும் இல்லை. இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டேன்.

பண்ணை மீனில் ஒரு தொல்லைதான். கெண்டையோடு கறுப்பாக, மீசை வைத்த குஞ்சு நிறையக் கலந்து வருகிறது. நம்மூர் ஏரியில் கிடைக்கிற தேளிக் குஞ்சாக இருக்கும். முள் குத்தும் என்று பட்டணத்துக்காரர்கள் அதைத் தொடுவதே இல்லை. "இன்னா பாய், மீசக்காரன எல்லாம் எங்க தலையில கட்டுறியே" என்கிறார்கள். வாரக் கடைசியில் கேனில் மிஞ்சுவதெல்லாம் மீசைக்காரன்தான்.

போன வெள்ளிக்கிழமை ஏரிக்கரையில் என்னைப் பார்த்தாய். நானும் பேசவில்லை, நீயும் பேசவில்லை. கேன் கனம் தாங்காமல் நான் கரைச் சரிவில் தடுமாறியபோது நீ வந்து மறு கைப்பிடியைப் பிடித்தாய். இரண்டு பேருமாகச் சாய்த்து ஊற்றினோம். நீ பேசாமலே போய்விட்டாய். அதற்காக இந்தக் கடிதம். கோபம் பாதி குறைந்திருக்கிறது. மீதி இருக்கிறது.

கிதர் முகம்மது


மானாம்பதி,
18 ஏப்ரல் 2025

பாய் அவர்களுக்கு,

ஆறு மாதமாக நம் இருவருக்கும் எழுத ஒன்றும் இல்லாமல் இருந்தது. இப்போது இருக்கிறது.

புதன்கிழமை ஏரியில் இந்த வருஷத்துப் பெரிய வலை இழுத்தோம். ஓடையைக் காத்ததற்குப் பலன் தெரியும் என்று நாற்பது குடும்பமும் கரையில் காத்திருந்தது. வலை கனமாகத்தான் வந்தது. உள்ளே எல்லாம் முழங்கை நீளத்துக்குக் கறுப்புக் கெளுத்தி. விரால் ஏழோ எட்டோ. கெண்டை பேருக்குக்கூட இல்லை. ஒன்றின் வயிற்றைக் கிழித்துப் பார்த்தோம். உள்ளே பதினான்கு குஞ்சும் ஒரு தவளையும் இருந்தன. மீன்வளத்துறை ஆள் வந்து பார்த்துவிட்டு ஆப்பிரிக்கக் கெளுத்தி என்றார். வளர்க்கவே தடை செய்த மீனாம். ஒன்று விடாமல் எல்லாவற்றையும் தின்றுவிடுமாம்.

பழி பெஞ்சமின் மேல் விழுந்திருக்கிறது. ஏரிக்குக் காவல் அவர்தானே. காவலுக்கு வருவதற்கு முன்னால் இரண்டு வருஷம் வெளிமாநிலத்து மீன் பண்ணையில் கூலிக்கு இருந்தவர். "அங்கேர்ந்து குஞ்சு கொண்டாந்து திருட்டுத்தனமா வளக்குறான்" என்று வரதன் ஆரம்பித்தான், ஊரே பிடித்துக்கொண்டது. வருகிற 27ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை கூட்டம். அன்றைக்கு அவரைச் சங்கத்திலிருந்து நீக்கிப் போலீசில் புகார் கொடுக்க முடிவு. புகாரில் கையெழுத்துப் போட வேண்டியவள் நான். பதினைந்து வருஷமாக அந்த மனிதருக்கு இந்த ஏரியை விட்டால் வேறு பிழைப்பில்லை.

நீங்கள் மீன் பார்த்தவர். கேட்கிறேன். இந்த மீனின் குஞ்சு எப்படி இருக்கும்?

பரிமளா


உத்திரமேரூர்,
21 ஏப்ரல் 2025

பரிமளாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நான் கடைக்காரன், மீன் டாக்டர் இல்லை. என் கடையில் விற்பது இரைமீன் மட்டும். பெரிய மீனைப் பற்றி மீன்வளத்துறையிடம் கேட்டுக்கொள்.

பெஞ்சமின் நல்ல மனிதர் என்றுதான் நானும் கேள்விப்பட்டிருக்கிறேன். சங்கத்து விஷயத்தில் வெளியாள் தலையிடுவது சரியில்லை.

இப்போது உடம்பு சுகமில்லை. வெள்ளிக்கிழமைகளில் அந்தப் பக்கம் வருவதில்லை.

கிதர் முகம்மது


மானாம்பதி,
23 ஏப்ரல் 2025

பாய்,

தபாலில் போட்டால் நாள் ஆகும் என்று இதை டவுன் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறேன். ஒட்டியிருக்கிறேன். நீங்களே பிரியுங்கள்.

உங்கள் பதிலை மூன்று தடவை படித்தேன். போன வருஷம் என்னைத் திட்டி எழுதினீர்கள், அதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. இந்தக் கடிதத்தில் திட்டே இல்லை. அதனால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

அக்டோபரில் நீங்கள் எழுதியதை எடுத்துப் பார்த்தேன். கறுப்பாக, மீசை வைத்த குஞ்சு. அன்று கேனைச் சாய்த்தபோது நானும் பார்த்தேன். தேளி என்றுதான் நானும் நினைத்தேன். வாயைத் திறந்து, "இது இன்னா மீனு பாய்" என்று கேட்டிருக்கலாம். நீங்கள் முதலில் பேசட்டும் என்ற வீம்பில் கேட்காமல் திரும்பிவிட்டேன்.

இன்று காலை பெஞ்சமின் மனைவி செவ்வந்தி வந்தாள். அழவில்லை. "எங்கூட்டுக்காரரு மூணு நாளா சாப்புடல. தெருக் கொயாயில தண்ணி புடிக்கப் போனா, எங்கொடத்த நவுத்தி வெக்கிறாங்க. நீ ஒரு வார்த்த சொல்லேன்க்கா" என்றாள். ஒரு செம்புத் தண்ணீர் கொடுத்து அவளை அனுப்பிவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

மனசில் இருப்பதை எழுதிவிடுகிறேன். பெஞ்சமின் மேல் பழி போனால் உங்களுக்கும் நல்லது, எனக்கும் நல்லது. உங்கள் கடை தப்பும். என் விதி தப்பும். ஆற்றில் இரைமீன் பிடிக்காதே என்று நான் தடுக்கப்போய்த்தான் நீங்கள் வெளியூர் மீனை வாங்கினீர்கள் என்று தெரிந்தால், வரதனும் மற்றவர்களும் விதியை அன்றே கிழித்துப் போடுவார்கள். அடுத்த ஐப்பசியில் மறுபடி கொசுவலை வரும். இரண்டு ராத்திரி இதை யோசித்தேன். பேசாமல் கையெழுத்துப் போட்டுவிடலாம் என்றுகூட நினைத்தேன். அப்படி நினைத்ததற்கு வெட்கப்படுகிறேன்.

கூட்டத்தில் நான் சொன்னால், பாய் மேல் பரிமளா பழி போட்டாள் என்று ஆகும். சாட்சி கேட்பார்கள். நீங்கள் சொன்னால்தான் பெஞ்சமின் தப்புவார். ஞாயிறு காலை பத்து மணிக்குக் கூட்டம்.

பரிமளா


உத்திரமேரூர்,
25 ஏப்ரல் 2025, வெள்ளி

பரிமளா,

இதைக் கூட்டத்தில் படி. ஒரு வரியும் விடாதே.

உத்திரமேரூர் பஜாரில் தூண்டில் கடை வைத்திருக்கும் கிதர் முகம்மது ஆகிய நான் எழுதுவது. மானாம்பதி ஏரியில் அந்தக் கெளுத்தியை விட்டவன் நான். பெஞ்சமினுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. போன செப்டம்பர் கடைசியிலிருந்து தை மாதம் எனக்கு உடம்பு முடியாமல் போகும் வரைக்கும் வெள்ளிக்கிழமை தோறும், வெளியூர்ப் பண்ணை மீனில் விற்காமல் மிஞ்சியதைக் கொண்டுவந்து ஊற்றினேன். விற்காமல் மிஞ்சியது முழுக்க அந்த மீசைக் குஞ்சுதான். ஒரு வாரத்துக்கு நூறு, நூற்றைம்பது இருக்கும். தெரிந்து செய்யவில்லை. ஆனால் செய்தவன் நான்தான்.

இது ஊருக்கு. இனி உனக்கு. இதையும் படிப்பதானால் படி.

கடைக்குப் பின்னால் பழைய சிமெண்டுத் தொட்டி ஒன்று இருக்கிறது. அக்டோபரில் அதில் எட்டு மீசைக் குஞ்சை விட்டு வைத்தேன், கொசுப்புழுவைத் தின்னட்டும் என்று. பிறகு மறந்துபோனேன். எப்போதாவது மிஞ்சின மீனை அதிலும் கொட்டியிருக்கிறேன். உன் 18ஆம் தேதிக் கடிதத்தைப் படித்த அன்றே போய்ப் பலகையைத் தூக்கிப் பார்த்தேன். எட்டில் ஒன்றுதான் இருந்தது. முழங்கை நீளம். என்னைப் பார்த்து வாயைத் திறந்தது. பலகையை மூடிவிட்டு வந்து, 'என் கடையில் விற்பது இரைமீன் மட்டும்' என்று உனக்கு எழுதினேன். தெரிந்தே எழுதினேன் பரிமளா. அதை எழுதிய கையைக் கழுவித்தான் அன்று தொழுகைக்கு உளூவும் செய்தேன்.

கடை போய்விடும் என்ற பயம் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். அதைவிடப் பெரிய பயம் வேறு. அவள் பேரால் செய்த ஒரே நல்ல காரியம் இது. அதனால் ஒரு ஊருக்கே கேடு வந்தது என்று எப்படி எழுதுவேன்? மூன்று நாள் அவள் மேல்கூடக் கோபப்பட்டேன். நேற்று வாசலில் உட்கார்ந்து அவள் சொன்னதை மனசுக்குள் அப்படியே சொல்லிப் பார்த்தேன். 'புடிச்ச எடத்துலயே கொண்டுபோய் வுடுங்க' என்றுதானே சொன்னாள். ஓடையில் பிடித்த மீனை ஓடைத் தண்ணீரில் விட்டவரைக்கும் அது சரி. எங்கோ பிடித்ததைக் கொண்டுவந்து உங்கள் ஏரியில் விடு என்று அவள் சொல்லவே இல்லை. பாதியை மறந்தவன் நான். அவளை யாரும் குறை சொல்லாமல் பார்த்துக்கொள்.

கேனின் மறு கைப்பிடியை நீ பிடித்ததை ஊருக்கான பகுதியில் எழுதவில்லை. அது உனக்கும் எனக்கும் தெரிந்தால் போதும்.

பண்ணை வேனை நிறுத்திவிட்டேன். பெஞ்சமின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்க வரவேண்டும். வந்தால் என்னை நிற்க விடுவார்களா என்று தெரியவில்லை. நீ எழுதினால் வருகிறேன்.

கிதர்


மானாம்பதி,
28 ஏப்ரல் 2025

பாய் அண்ணனுக்கு,

படித்தேன். ஊருக்கு எழுதியதை முழுக்கப் படித்தேன். உங்கள் சிமெண்டுத் தொட்டியையும் குல்சும் அக்காவையும் படிக்கவில்லை. அவை எனக்கு எழுதியவை.

படித்து முடித்ததும் வரதன்தான் எழுந்தான். "அப்ப அண்ணி போட்ட ரூலால வந்த வென தான் இது" என்றான். ஆமாம் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம், நீங்கள் எனக்கு இடம் விட்டுத்தான் எழுதியிருந்தீர்கள். நிறுத்தவில்லை. அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை அந்தக் கேனை நானும் பிடித்து ஊற்றினேன், மீசையைப் பார்த்தும் கேட்கவில்லை என்று சொல்லிவிட்டேன்.

இரண்டு மணி நேரம் சத்தம். கடைசியில் புகாரைக் கிழித்தார்கள். விதியைக் கிழிக்கவில்லை. மழைக்கால இரண்டு மாதத் தடை அப்படியே இருக்கும். வெளியூர் உயிர்மீன் இந்தப் பக்கம் வரக்கூடாது, மிஞ்சிய இரைமீனை எந்தத் தண்ணீரிலும் ஊற்றக்கூடாது என்று இரண்டு வரி சேர்த்திருக்கிறோம். உங்கள் கடையில் ஆறு மாதத்துக்கு உயிர்மீன் விற்கக்கூடாது. அதன்பிறகு, மழைக்காலத் தடையும் முடிந்ததும், எங்கள் ஓடையில் அளவாகப் பிடித்துச் சங்கமே உங்களுக்குக் கொடுக்கும். செயலாளர் பொறுப்பை எங்கள் சங்கத்து ராணியம்மாளிடம் கொடுத்துவிட்டேன். யாரும் கேட்கவில்லை. நானாகத்தான் கொடுத்தேன்.

பெஞ்சமின் கூட்டம் முடியும்வரை தலையைத் தூக்கவில்லை. போலீசுக்குப் போகலாமா, பாய் மேல் புகார் கொடுக்கலாமா என்று யாரோ அவரைக் கேட்டார்கள். வேண்டாம் என்று கையை ஆட்டினார். நான்தான் போய், "பாய் உங்களப் பாக்க வரணும்ன்றாரு, வரட்டுமா" என்றேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"மன்னிப்பெல்லாம் எனுக்கு வாணாம். வெள்ளிக்கெயம வெள்ளிக்கெயம வந்து ஊத்துனாரு இல்ல? வெள்ளிக்கெயம வெள்ளிக்கெயம வந்து எங்கூட வல இழுக்கட்டும். கடேசி கெளுத்தி மேல ஏறுற வரிக்கும் இழுக்கட்டும். அப்பறமா பேசிக்கலாம்" என்றார்.

செவ்வந்தியின் குடத்தை நேற்றுச் சாயந்தரம் குழாயடியில் முதல் ஆளாக வைக்கச் சொன்னார்கள். அவள் வைக்கவில்லை. தன் முறை வரும்வரை நின்று பிடித்துக்கொண்டு போனாள்.

வருகிற வெள்ளிக்கிழமை விடிகாலையிலேயே வந்துவிடுங்கள். ஜும்மாவுக்கு நேரத்தோடு திரும்பிவிடலாம். மாற்றுத் துணி கொண்டுவாருங்கள், இடுப்பளவு சேறு. கேனையும் மறக்காமல் கொண்டுவாருங்கள். பிடிக்கிற கெளுத்தியைக் கரையேற்ற வேறு பெரிய பாத்திரம் எங்களிடம் இல்லை. நிரம்பினால் ஒரு ஆளால் தூக்க முடியாது. மறு கைப்பிடியை நான் பிடிக்கிறேன்.

பரிமளா